கல்பு

பாலாவி ஜௌபர் இருபத்திரண்டு வருடம் தூதரகங்களில் அதிகாரியாக இருந்தவர். எவனுக்கும் கோபம் வராமல் பேசுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தச் சம்பளம் ஒரே சொல்லில் நின்றது.

அவர் கடைசியாக இருந்த அரபு நாட்டில், ஊரிலிருந்து வீட்டுவேலைக்கு வந்திருந்த கனமூலை றிஸ்மினா தூதரகத்துக்கு ஓடிவந்தாள். முகம் வீங்கி இரண்டு பல் போயிருந்தது. முதுகில் சூடான அயன்பெட்டி வைத்த முக்கோணம் பச்சைப் புண்ணாகக் கிடந்தது.

“இப்பிடி அடிக்க என்ன நடந்த மகள்?” என்று ஜௌபர் கேட்டார்.

“‘உங்களுக்கு நல்ல கல்பு’ எண்டு வீட்டுக்காரருக்கு அரபில சொன்னன் சேர். சந்தோஷப்படுவார் எண்டுதான்.”

ஜௌபருக்கு விளங்கிவிட்டது. ஊர் முஸ்லிம்களின் பேச்சில் கல்பு என்றால் இதயம். அரபியிலும் அதேதான், ஆனால் முதலெழுத்தை அடித்தொண்டையிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நாய்.

வீட்டுக்காரனை வரவழைத்து, பணிவாக விளக்கினார். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். “அப்ப அடிச்சது வீண்தான்” என்றபடியே றிஸ்மினாவின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். அவள் அலறினாள்.

ஜௌபர் தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி அவன் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்து கிடந்தவனின் காதருகே குனிந்தார்.

“கல்ப்” என்றார்.

அடித்தொண்டையிலிருந்து எடுக்கவில்லை.