கடிக்காதுண்ணே, சும்மா வாங்க

தோள்ல கேஸ் தோங், அதான் சமையல் கேஸ் சிலிண்டர், இருக்கறவனால ஓட முடியாது, குனிஞ்சு கல்லு எடுக்க முடியாது, கையை வீசி விரட்டவும் முடியாது. இந்த வேலையைப் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டியது இவ்வளவுதான், அது வீட்டுக்காரங்களுக்குத் தெரியுதோ இல்லையோ, நாய்க்கு நல்லாவே தெரியும்.

பெடாஸ்ல ஒரு கடைக்குப் பதினேழு வருஷமா கேஸ் போட்டுக்கிட்டிருக்கேன். சுத்து வட்டாரத் தோட்டங்க, செம்பனையை வெட்டித் தள்ளிட்டுக் கட்டின தாமான் குடியிருப்பு வீடுங்க, எல்லாம் என் லைன்தான். எனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி இருக்கு. இடது கால்ல சுண்டு விரல் கிடையாது. புதுச் செருப்பு கடிச்சு ஒரு கொப்புளம் வந்துச்சு, அவ்வளவுதான். அது ஆறாம அழுகி, கடைசியில சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில விரலை எடுத்தாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு. அடுத்த தடவை இந்தக் கால்ல புண்ணு வந்தா விரலோட நிக்காதுன்னாங்க. கால் போனா வேலை போச்சு. எனக்கு வேற வேலையும் தெரியாது.

அன்னையிலருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் ஆள் முகத்தை நான் அப்புறம்தான் பாப்பேன். முதல்ல நாய்ச் சங்கிலி எங்கன்னு பாப்பேன். நாய் வளர்க்கத் தெரியாத ஆளுக்குப் பக்கத்து வீட்ல குடியிருக்கறவங்க அத்தனை பேரும் எனக்கு ஒரு வகையில சொந்தம். உங்க கஷ்டம் எனக்குப் புரியும், என் கஷ்டத்தை நீங்க கொஞ்சம் கேளுங்க.

மூணு பூட்டு

ஸ்டெல்லா அக்கா வீட்டு முன்கேட்டுக்கு மூணு பூட்டு. திருட்டு பயமாம். அதனால கேஸ்காரன், மீன்காரன் எல்லாரும் பின்பக்கச் சந்து வழியாத்தான் போகணும். அடுப்பும் அந்தப் பக்கம்தான், அது சரி. ஆனா அந்தச் சந்துலதான் பிரின்ஸ் இருக்கும். கன்னுக்குட்டி உயரம். மூணு பூட்டு வாங்கத் தெரிஞ்ச வீட்ல ஒரு சங்கிலி வாங்கத் தெரியல.

அந்தச் சந்துல இருக்கற மத்த வீட்டுக்காரங்க குப்பை போடக்கூட குடையோடதான் வெளிய வருவாங்க. மழைக்கு இல்ல, பிரின்ஸுக்கு. ஸ்டெல்லா அக்காவுக்கு இது எதுவும் கண்ணுல படாது. கட்டினவரை 'இது எங்க போச்சுன்னே தெரியல' ன்னு சொல்ற மனுஷி, நாயை மட்டும் 'அவன், இவன்' னு மகன் மாதிரி கொஞ்சும். அன்னைக்கு நான் தோங்கோட சந்து முனையில நிக்கறேன், பிரின்ஸ் பல்லைக் காட்டிக்கிட்டு எதிர்ல நிக்குது. அக்கா கிரிலுக்கு உள்ள பத்திரமா நிக்குது. அக்கா, தயவு செஞ்சு நாயைக் கட்டுங்க, எனக்குக் கால் சரியில்லன்னு கெஞ்சினேன். அக்காவுக்கு என் மேலதான் வருத்தம்.

"கட்டிப் போட்டா அவன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான் தம்பி, அப்புறம் சாப்பிடவே மாட்டான். நீங்க இப்படிப் பயப்படாம வந்தீங்கன்னா அவன் ஏன் கடிக்கப் போறான்?"

மந்திரிச்ச கயிறு

தோட்டத்துல பழைய மண்டோர், அதான் கங்காணி, ஒருத்தர் இருக்காரு, நடேசன்னு பேரு. வேலையை விட்டாலும் அதிகாரத்தை விடாத ஆளு. மூணு நாய் வளர்த்தாரு. வளர்த்தாருன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. பெத்துப் போட்டது தெருநாய், சோறு போட்டது பக்கத்து வீட்டுக்காரங்க, மண்டோர் பேரு மட்டும் வச்சாரு. அந்த மூணும் மோட்டார் சைக்கிள்ல போறவன், வேலைக்குப் போறவன், ஸ்கூல் வேனுக்கு நிக்கற பிள்ளைங்கன்னு ஒருத்தரையும் விடல. ஒரு அம்மா மோட்டார்லருந்து விழுந்து முட்டி பேந்துடுச்சு.

தோட்டத்து லைன் வீடுங்கள்ல இருக்கறவங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்து போய், நாயைக் கட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. மண்டோரும் சரின்னாரு. வெள்ளிக்கிழமை மூணு நாயையும் லோரியில ஏத்தி, செம்பனை ஓரத்துல இருக்கற முனியாண்டி கோயிலுக்குக் கொண்டு போனாரு. எலுமிச்சம்பழம் சுத்தி, மூணு கழுத்துலயும் கறுப்புக் கயிறு மந்திரிச்சுக் கட்டிக் கூட்டிட்டு வந்தாரு. முனியாண்டி வாக்கு, இனிமே எதுவும் கடிக்காதுன்னு லைன் முழுக்கச் சொல்லி வச்சாரு. நாயைக் கட்டச் சொன்னோம், கயிறும் கட்டிட்டாரு, அந்தக் கயித்தோட இன்னொரு முனையைத்தான் எங்கயும் காணோம்.

அடுத்த வாரம் நான் தோங்கோட போறேன். மூணுல எது பெருசோ அதுவே வந்துச்சு. இடது காலுக்குத்தான் குறி. கால்சட்டை கணுக்கால்கிட்ட டர்ருன்னு கிழிஞ்சுது. தோங்கை இறக்கி வச்சுட்டு, கால்சட்டையைத் தூக்கிப் பாத்தேன். ரத்தம் இல்ல. உசிரு வந்துச்சு. மண்டோரும் ஓடி வந்தாரு, ஓடி வந்து குனிஞ்சாரு. என் காலைப் பாக்கத்தான் குனியறாருன்னு நினைச்சேன். நாய்க் கழுத்தைப் பிடிச்சுக் கயித்தை இழுத்து இழுத்துப் பாத்தாரு.

"கயிறு லூசாப் போச்சுப்பா, அதான். வர்ற வெள்ளிக்கிழமை வேற கட்டிடறேன், அதுவரைக்கும் நீ கொஞ்சம் பாத்து வா."

பப்பாளி மரத்தடி

இதெல்லாம் வேலைக்குப் போற இடத்துல. வீட்டுக்கு வந்தா நிம்மதியா இருக்கலாம்னு பாத்தா, பக்கத்து வீட்ல சந்திரன். படிச்சவன், சிரம்பான்ல ஆபீஸ் வேலை, தினமும் சட்டையை இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாம போவான். அவன் வீட்டு முன் சிமெண்ட்டுல சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். எப்படின்னு கேளுங்க. காலையில ஏழு மணிக்குக் கேட்டைத் திறந்து அவன் நாய் ராக்கியை வெளிய விடுவான். ராக்கி நேரா எங்க வீட்டுப் பப்பாளி மரத்தடிக்கு வந்து, வந்த வேலையை முடிச்சுட்டுப் போகும். கேட்டை மூடிடுவான்.

என் வீட்டுக்காரி செல்வி ரெண்டு மாசம் பொறுத்துப் பாத்தா. நான் எத்தனையோ தடவை அவன்கிட்ட கால் கதையைச் சொல்லியிருக்கேன். எனக்கு ஒரு கீறல் போதும் சந்திரா, தயவு பண்ணிச் சங்கிலி போடுன்னு சொல்லியிருக்கேன். 'ராக்கிக்கு ஆள் தெரியும்ணே' ம்பான். எந்த ஸ்கூல்ல படிச்சுதோ. ஒரு நாள் செல்வி மண்வெட்டியில அள்ளி எடுத்துக்கிட்டு அவன் கேட்டுக்கே போயிட்டா, நானும் பின்னாடியே போனேன். ஆபீசுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தவன் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கறான். அந்த நேரம் பாத்து ராக்கி எங்க மரத்தடியில முதுகை வளைச்சு உட்கார்ந்திருக்கு, நாங்க மூணு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.

"தாமான்ல எத்தனையோ நாய் சுத்துது அண்ணி, ஆதாரம் இல்லாம ராக்கி மேல பழி போடாதீங்க லா."

அஞ்சு நிமிஷத்து அனாதை

மஜ்லிஸ்ல, நகராட்சி ஆபீஸ்ல, புகார் கொடுத்தது யாருன்னு தாமானே தேடுச்சு. நான்தான். இன்னைக்குத்தான் வாயைத் திறக்கறேன்.

நாய் பிடிக்கற வண்டி வந்த அன்னைக்கு நீங்க எங்க வீட்டு வரிசையைப் பாத்திருக்கணும். நேத்து வரைக்கும் ரோட்டுல ராஜ்யம் பண்ணின நாய்ங்க எல்லாம் சோபாவுல உட்கார்ந்துடுச்சு. குரைக்கற சத்தம் வெளிய கேட்கக் கூடாதுன்னு வீட்டுக்கு வீடு டிவியைச் சத்தமா வச்சுட்டாங்க. ராக்கி மட்டும் எங்கயோ ஊர் சுத்தப் போயிருந்துச்சு, அது திரும்பி வந்து, சந்திரன் உள்ள கூப்பிடறதுக்குள்ள வண்டி வந்துடுச்சு. வண்டியிலருந்து இறங்கின மலாய்க்காரப் பையன் மரியாதையாத்தான் கேட்டான், இது உங்க நாயா, லைசன்ஸ் இருக்கான்னு. சந்திரன் ராக்கியைத் திரும்பிக்கூடப் பாக்கல. எங்க நாய் இல்ல, எங்கருந்து வந்துச்சுன்னே தெரியாதுன்னு சுத்தமான மலாய்ல சொன்னான். ராக்கி வாலை ஆட்டிக்கிட்டே வந்து அவன் பாதத்து மேலயே படுத்துச்சு. நாய்க்கு இருந்த நன்றியைப் பாருங்க, மனுஷன் சொன்ன பேச்சைப் பாருங்க.

அந்தப் பையன் சிரிச்சுக்கிட்டே கம்பை நீட்டினான். ராக்கி துள்ளிச் செம்பனைக்குள்ள ஓடிடுச்சு. வண்டி போச்சு. சாயங்காலம் ராக்கி திரும்பி வந்து, சந்திரன் வீட்டு வாசல்ல கோழிக்கறி சாப்பிட்டுக்கிட்டிருக்கு. நான் வேலிகிட்ட நின்னு, என்ன சந்திரா, யாரோ வீட்டு நாய்க்கு இவ்வளவு கவனிப்புன்னு கேட்டேன். கொஞ்சம்கூட கூச்சம் இல்ல.

"அவங்க கேட்ட அஞ்சு நிமிஷத்துக்கு அது என் நாய் இல்லண்ணே. லைசன்ஸ் எடுக்கலைல்ல."

நாற்காலி

சந்திரன் வீட்ல விருந்தாளி வந்த ஒரு ஞாயித்துக்கிழமை, பாதிச் சமையல்ல கேஸ் தீர்ந்து போச்சு. கடை லீவு. ஆனா என் லோரியில ஒரு தோங் இருக்குன்னு அவனுக்குத் தெரியும். வேலியில நின்னு, அண்ணே அண்ணேன்னு உருகினான். முதல்ல நாயைக் கட்டு, அப்புறம் வர்றேன்னேன். கட்டியாச்சுண்ணேன்னான். நல்லாக் கட்டியிருக்கியான்னு ரெண்டாவது தடவையும் கேட்டேன். சத்தியமாக் கட்டியிருக்கேன், கடிக்காதுண்ணே, சும்மா வாங்கன்னான். போகாதீங்கன்னு செல்வி சொன்னா. அடுப்புல பாதி வெந்த சோறு, பக்கத்து வீடு, எப்படி முடியாதுங்கறது? பூட்சை மாட்டிக்கிட்டுப் போனேன்.

தோங்கைத் தோள்ல வச்சுக்கிட்டு அவன் வீட்டுப் பின்பக்கம் திரும்பறேன், கட்டின நாய் எதிர்ல ஓடி வருது. பின்னாடியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கடகடன்னு வருது. விருந்தாளிங்க உட்கார வச்சிருந்த நாற்காலியோட கால்ல, பொட்டலம் கட்டற ராஃபியா கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கான். ஆனைக்குட்டி பலம் உள்ள நாயை. தோங்கைக் கீழ போட்டுட்டு ஓடலாம்னு ஒரு கணம் தோணுச்சு. சமையல்கட்டு வாசல்ல சின்னப் பிள்ளைங்க நின்னுக்கிட்டிருந்துச்சுங்க. இரும்புத் தோங்கை அங்க போடறதுக்கு எனக்கு மனசு வரல. அது தரையில உட்கார்ற வரைக்கும் மெதுவா இறக்கினேன். அந்த நேரம் ராக்கிக்குப் போதுமானதா இருந்துச்சு. பூட்சுக்கு மேல, இடது கால், ரெண்டு பல்லு நல்லா ஆழமா இறங்கிடுச்சு.

வலியை விட பயம்தான் அதிகம். சிமெண்ட்டுல உட்கார்ந்து ரத்தத்தைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு, சொல்றதுல வெக்கம் என்ன. போச்சு, கால் போச்சுன்னு என் வாய்லயே வந்துடுச்சு. சந்திரன் நாற்காலியை நிமிர்த்தி வச்சான். கயிறு அவிழலைன்னு எனக்குச் சுட்டிக் காட்டினான்.

"நல்லாப் பாருங்கண்ணே, முடிச்சு அப்படியே இருக்கு. நான் கட்டலைன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நலம் விசாரிப்பு

பக்கத்து கிளினிக்ல ஊசி போட்டாங்க, கழுவினாங்க, மருந்து வச்சுக் கட்டினாங்க. நாலாம் நாள் காயத்தைச் சுத்திக் கறுத்துடுச்சு, கால் வீங்கிக் காய்ச்சல் வந்துடுச்சு. மறுபடியும் அதே சிரம்பான் ஆஸ்பத்திரி, அதே வார்டு. டாக்டரம்மா பேனாவை எடுத்து, என் கால்ல சிவப்பு எதுவரைக்கும் ஏறியிருக்கோ அதைச் சுத்திக் கோடு போட்டாங்க. நாளைக்குக் காலையில இந்தச் சிவப்பு நான் போட்ட கோட்டைத் தாண்டி இருந்தா, முழங்காலுக்குக் கீழ எடுக்கறதைப் பத்திப் பேசணும்னாங்க. செல்வி என் காலைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டிருந்தா. கண்ணை எடுத்தா தாண்டிடுமோன்னு அவளுக்குப் பயம்.

சாயங்காலம் பாக்க விடற நேரத்துல சந்திரன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கையில ஒரு டின் இனிப்பு பிஸ்கட். இனிப்பு நீர்க்காரனுக்கு. செல்வி அதை வாங்காம முகத்தைத் திருப்பிக்கிட்டா, அவனே மேசையில வச்சான். நான் கோட்டைக் காட்டி விவரம் சொன்னேன். குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தான். முகம் வெளுத்துப் போச்சு. பரவாயில்ல, இப்பவாவது புத்தி வந்துச்சே, மன்னிப்புக் கேட்கப் போறான்னு நினைச்சு, கேட்டா என்ன சொல்லலாம்னு மனசுக்குள்ள தயாராக்கூட ஆயிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அக்கம் பக்கம் பாத்துட்டுக் குரலைத் தாழ்த்திக்கிட்டான்.

"அண்ணே, உங்களுக்கு இனிப்பு நீர் இவ்வளவு முத்திப் போயிருக்கும்னு நான் நினைக்கல. உங்க ரத்தம் ராக்கி வாயில பட்டிருக்கு. அதுக்கு ஒட்டிக்காதுல்ல?"

மறுநாள் காலையில சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டல, காலும் தப்பிச்சுது, கடிச்ச இடம் நாலு மாசத்துல ஆறியும் போச்சு, அவன் நலம் விசாரிச்ச இடம்தான் இன்னும் ஆறல.