அக்காவின் கோதுமைச் சட்டி

அல்சூர் ஏரிக்கரையில் அன்று அம்மா, அத்தை, நான் மூன்று பேர்தான் இருந்தோம். அக்கா இல்லை, முந்தின நாள் கல்யாணம் முடிந்து, காலை ரயிலில் மாப்பிள்ளையோடு தங்கவயலுக்குப் போய்விட்டாள். அப்பாவும் இல்லை. மில்லில் அதற்குமேல் லீவு கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்காக முளைக்கவிட்ட பாலிகையை ஏரியில் விட வந்திருந்தோம். எங்கள் வழக்கத்தில் தானியத்துக்கு ஒரு சட்டி. கோதுமைச் சட்டியைக் கவிழ்க்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது இன்டர்மீடியட்டில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். நெல், ராகி, கரும்பு, மூங்கில், கோதுமை எல்லாமே புல் சாதிதான் என்று லெக்சரர் சொல்லியிருந்தார். ராகிக் கொல்லை பெங்களூரைச் சுற்றி எங்கும் உண்டு. கோதுமையை நாங்கள் ரவையாகத்தான் அறிவோம். இதை வளர்த்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"காலேஜுக்கு அனுப்புனா புல்லு வளக்கறேங்குது புள்ள" என்றாள் அத்தை.

அம்மா சிரிக்கவில்லை. "வெச்சுக்க. ஆனா இது உங்கக்கா பேர்ல மொளச்சது. வாடிச்சுன்னா அவளுக்கு ஆவாது. மாப்பிள்ள தெனம் சுரங்கத்துல எறங்குறவரு. ஞாபகம் வெச்சுக்க."

மண்ணெண்ணெய் டின்னில் ஓட்டை போட்டு, நாற்றை அதில் நட்டு வாசலில் வைத்தேன். கார்த்திகைக் குளிர் அதற்குப் பிடித்திருந்தது. விடியலில் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டு நீர் நிற்கும். பனி என்றுதான் நினைத்தேன்; வேர் உறிஞ்சியதில் மிஞ்சியதைச் செடியே வெளியே தள்ளுகிறது என்று பிறகு படித்தேன். ஒரு விதைக்கு ஒரு முளை என்றிருந்தேன். பக்கத்தில் இன்னொன்று கிளைத்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று.

அப்புறம் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, அத்தனையையும் மண்மட்டத்துக்கு மேய்ந்துவிட்டது.

அம்மா என்னைத் திட்டவில்லை. மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு அரிசிப் பானைக்குள் போட்டாள். அந்த வாரம் தங்கவயலிலிருந்து கடிதமும் வரவில்லை. அப்பா மில்லிலிருந்து திரும்பும்போதெல்லாம், தங்கவயல்காரர் யாராவது வந்தார்களா, ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூசியது.

ஒரு காலையில் மொட்டைத் தூருக்கு நடுவே பச்சை தெரிந்தது. புது இலை இல்லை. ஆடு கடித்த அதே இலை, கடிபட்ட முனையைத் தலையில் சுமந்துகொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. லெக்சரரிடம் ஓடினேன். புல் அடியிலிருந்துதான் வளரும். தண்டு எழும் காலம் வரைக்கும் அதன் குருத்து மண்ணையொட்டி, தூருக்குள் இருக்கும், ஆட்டின் பல்லுக்கு எட்டாது என்றார். வீட்டுக்கு வந்து ஒரு கிளையைப் பிளந்து அம்மாவுக்குக் காட்டினேன். குருத்து வெள்ளையாக, ஊசிமுனை அளவு இருந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "உசுரு மண்ணுக்குள்ள பத்திரமாத்தான் இருந்திருக்கு" என்றாள். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

தையில் தண்டு எழுந்தது. மேல் இலையின் உறை சூல்கொண்டதுபோல உப்பி, பிளந்து, மீசையோடு கதிர் வந்தது. பூ என்று சொல்ல ஒன்றுமில்லை. உமி சற்றே திறந்து மகரந்தப் பைகள் தொங்கின; கொஞ்ச நேரத்தில் மூடிக்கொண்டது. தேனீ ஒன்றுகூட வரவில்லை. தன் மகரந்தத்திலேயே கருக்கொண்டுவிட்டது. மணியைப் பிதுக்கினால் பால். எத்தனையோ தேசத்து ஜனங்கள் இந்தப் புல்லைத் தின்றுதான் உயிரோடிருக்கிறார்கள் என்பது, அந்தப் பால் விரலில் பட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

பங்குனியில் அக்காவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கதிர் காய்ந்து தலை சாய்ந்திருந்தது. "எனக்கு ஒரு லெட்டர் போட ஒனக்கு நேரமில்ல, புல்லுக்குக் காவலா?" என்று அக்கா என் தலையில் குட்டினாள்.

செடி தானாகத்தான் பிழைத்தது, நேர்த்திக்கடன் அவசியமில்லை என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"பொழைக்கிற மாதிரி அத யாரு வெச்சா?" என்றாள்.

நேர்ந்ததைச் செலுத்த எல்லோரும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். கூழ், எலுமிச்சை மாலை, அம்மனுக்குச் சிவப்புப் புடவை, பூசாரி தட்சணை, எல்லாம் சேர்த்து ஏழு ரூபாய் ஆறணா ஆயிற்று.