சுவர் சொன்ன வழி

போன செவ்வாய்க்கிழமை காலை கரமனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கோமதியின் தம்பி போன் செய்தான். “அக்கா போயிட்டா. காலையில நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள...” பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

கல்லூரி இயற்பியல் துறையில் இருபது வருடம் அவளுக்கு அடுத்த மேசை எனக்கு. அவளை அறிந்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அந்தக் கைதட்டலும் தெரிந்திருக்கும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒருமுறை தட்டிவிட்டு, எதிரொலியைத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். ஒரு கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் தட்டி, அவள் சித்தியிடம் திட்டு வாங்கினாள். “சித்தி, இந்தத் தூணு என்ன சுகமா திருப்பித் தருது, நீங்களும் கேளுங்க” என்றாள்.

பார்வையற்ற குழந்தைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் புதிதாகச் சாப்பாட்டுக்கூடம் கட்டினார்கள். கூரைவரை பளபளவென்று டைல்ஸ். உள்ளே போன குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பாதிப் பேர் வராந்தாவிலேயே சாப்பிட்டார்கள். ஒலியைப் பற்றி நன்கு தெரிந்தவள் என்று தலைமையாசிரியை கோமதியைக் கூப்பிட்டார். அளவு நாடாவோடு நானும் போனேன்.

இரண்டு மரப்பலகைகளை எடுத்து ஒருமுறை அடித்தாள். துணி கிழிவதுபோல் சத்தம் நீண்டுகொண்டே போனது. “கேட்டியா? ரெண்டு நீளச் சுவரும் நேருக்கு நேரா இருக்கு. ஒண்ணு தர்றதை மத்தது திருப்பித் தருது, முடிவே இல்லை” என்றாள். அவளுக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. அன்று மத்தியானமே சாலைக்கடைகளில் அலைந்து தடிமனான கயிற்றுப்பாய்களைப் பிடித்தோம். நான்கு சுவர்களிலும் தொங்கவிட்டோம். மறுபடி பலகையை அடித்தாள். ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

அங்கே பாட்டு ஆசிரியர் சுகுமாரன் சார், மலையாளி. பிறவியிலேயே பார்வையில்லாதவர். நாக்கால் டக் டக்கென்று ஒலி எழுப்பியபடி கோலில்லாமல் நடப்பார். கூடத்துக்குள் நாலடி வைத்தவர் நின்றார். மறுபடி டக்கென்றார். ஒரு அடி நகர்ந்து மேசையில் இடித்துக்கொண்டார்.

“டீச்சரே, சுவரைக் காணோமல்லோ” என்றார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. கோமதியின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஒரு மலர்ச்சி. “பாத்தியா! நாம கேக்கறதுக்கு வேலை செஞ்சோம். இவர் காதால பாக்காரு. சுவரையே அவருக்கு அழிச்சுட்டோமே.”

அடுத்த வாரம் முழுக்கக் கல்லூரி முடிந்ததும் அங்கேதான். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாக்கால் ஒலி எழுப்பி, சுகுமாரன் சார் பின்னால் நடந்தாள். முழங்கால் இரண்டும் கன்றிப்போயின. ஐந்தாவது நாள் அவரே வழி காட்டினார்: “சுவரு இருந்தா சத்தம் மடங்கி வரும். திறந்த வாசல்ல வராது. ஆ வித்தியாசம் எனக்கு மதி, அது போதும்.” கோமதி துண்டை அவிழ்த்து எறிந்தாள். வாசல் இருக்கும் நீளச் சுவரில் மட்டும் பாய்களைக் கழற்றச் சொன்னாள். எதிர்ச்சுவரில் பாய் இருந்ததால் அந்தக் கிழிசல் சத்தம் திரும்பவில்லை. வாசல் பக்கச் சுவர் மட்டும் தெளிவாகப் பேசியது.

கூடத்தின் நடுவிலிருந்து சுகுமாரன் சார் இரண்டு முறை டக்கென்றார். நேராக நடந்து கதவு நிலையில் கை வைத்தார். “தா, இதோ வாசல்.” கோமதி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அன்று குழந்தைகள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பரிமாறும் சத்தத்துக்கு நடுவே ஒரு சிறுமி, “சாம்பாரு இங்க” என்று சாதாரணக் குரலில் கேட்டாள். அது கடைசி மேசைவரை கேட்டது.

பள்ளிக்கு அவள் எழுதிக்கொடுத்த அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. முதல் வரி: ‘எங்கள் முதல் ஏற்பாடு தவறு. அதைக் கண்டுபிடித்தவர் சுகுமாரன் சார்.’ இதைப் பின்னால் எங்காவது போடலாமே என்று நான் சொன்னேன். “இதுல நமக்குக் கிடைச்சதே அதுதான். அதைப் போயி ஒளிச்சு வைக்கவா?” என்றாள்.

இப்போது நான் எழுதும் அறிக்கைகளில் என் தவறு முதல் வரியில் வருகிறது. கோமதியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.