பெயர் மாற்றி வாசித்தவள்

ஓடுகிற பஸ்ஸில் புத்தகம் படித்தால் எல்லோருக்கும் தலை சுற்றும். ஜெயசெல்விக்குச் சுற்றாது. மத்திகிரியிலிருந்து சானமாவுக் காட்டைத் தாண்டிக் கம்பெனிக்குப் போகும் ஷிப்ட் பஸ்ஸில் அவள் கதை வாசிக்கிறவள் ஆனதற்கு வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நாசரேத் பக்கத்துப் பெண். கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்ட வயது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாத நாவல் வாங்கி வந்து, முந்தின நாளே வீட்டில் ஒரு தடவை படித்துவிட்டு, காலையில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி வாசிப்பாள். ஜெபக்கூட்டத்தில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல், கடைசி ஸீட் வரைக்கும் கேட்கும்.

உள்ளபடி மட்டும் வாசிக்க மாட்டாள். பெயர்களை மாற்றிவிடுவாள்.

அதை ஆரம்பித்துவைத்தது மத்திகிரியிலேயே பிறந்து வளர்ந்த சரஸ்வதி. "ஏங்க்கா, நிரஞ்சன் நிரஞ்சன்னா யாரு கண்டா? மூஞ்சியே வரமாட்டேங்குது. மணின்னு வெச்சுப் படிங்க" என்றாள். ஜெயசெல்வி மணி என்று வாசித்தாள். அவ்வளவுதான், அந்த ஆளுக்கு உயிர் வந்துவிட்டது. அவன் மழையில் நனைந்தால் பஸ்ஸே கவலைப்பட்டது. எழுதுகிறவர்கள் ஏன்தான் தெருவில் ஒருத்தருக்கும் இல்லாத பெயராகத் தேடிப் பிடிக்கிறார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

அதே சரஸ்வதிதான் பிறகு முறைத்துக்கொண்டதும். ஒரு நாவலில் மருமகளைப் பட்டினி போடும் மாமியாருக்கு அவள் பெயர். ஜெயசெல்வி யோசிக்காமல் அப்படியே வாசித்துவிட்டாள். சரஸ்வதி கடைசி ஸீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு வாரம் பேசவில்லை. "புஸ்தகத்துல போட்டிருந்தா நான் என்ன செய்ய?" என்றதெல்லாம் எடுபடவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் உண்டாயிற்று: பஸ்ஸில் இருக்கிறவர்களின் பெயரும், அவர்கள் வீட்டு ஆட்களின் பெயரும் கதைக்குள் வரக்கூடாது. கெட்டவனுக்கும் கூடாது, நல்லவனுக்கும் கூடாது.

அதன் நியாயம் ஜெயசெல்விக்கு நன்றாகவே தெரியும். அவளுடைய புருஷன் ஜான்பீட்டர் அவளை அடித்து, கடைசியில் விட்டுவிட்டு வேறொருத்தியோடு போனவன். அதற்குப் பிறகு எந்தக் கதையில் பீட்டர் என்று ஒருவன் வந்தாலும் போச்சு. அவன் தங்கமான போதகராகவே இருக்கட்டும், இவன் எப்போது கையை ஓங்குவானோ என்று பார்த்துக்கொண்டே படிப்பாள். பாதியில் மூடி வைத்துவிடுவாள். நல்ல கதைகள் எத்தனையோ அப்படிப் பாழாய்ப் போயின.

இப்படி எல்லாம் தெரிந்தவள்தான் பேச்சியம்மாளுக்காக வழக்கத்தை மீறினாள்.

பேச்சியம்மாள் சங்கரன்கோவில் பக்கம். புருஷன் இல்லை, ஒரே மகன் ஜெகதீஷ். அத்திப்பள்ளியில் வேலை முடிந்து பைக்கில் வந்தவனை மேம்பாலத்தில் லாரி தட்டிவிட்டது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு நினைவில்லாமல் கிடந்தான். லீவு தீர்ந்துபோய் பேச்சியம்மாள் மறுபடி பஸ் ஏறிய அன்று, ஜெயசெல்விக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எக்கா, இந்தக் கதையில வாரவனுக்கு எம்புள்ள பேர வையி."

"வீட்டாள் பேர் வைக்கதில்லன்னு ஒனக்குத் தெரியாதா பேச்சி?"

"அங்க அவன் அசைவில்லாமக் கெடக்கான். இங்கயாவது நடக்கட்டும், நாலு வார்த்த பேசட்டும். நான் கேட்டுட்டுப் போறேன்."

மறுத்திருக்க வேண்டும். பெற்ற வயிறு கேட்கும்போது எப்படி மறுப்பது? சரஸ்வதிகூட, "வெச்சுப் படிங்க்கா, பாவம்" என்றாள். ஊருக்குப் பாலம் வேண்டுமென்று பெரிய ஆட்களோடு மோதுகிற இளைஞன் அந்தக் கதையின் நாயகன். அவன் அன்று முதல் ஜெகதீஷ் ஆனான்.

பேச்சியம்மாளின் முகம் தெளிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய், பார்வையாளர் நேரத்தில் மகன் காதருகே குனிந்து, "இன்னைக்கு நீ என்ன செஞ்ச தெரியுமாய்யா? கலெக்டர் முன்னாடியே எந்திரிச்சு நின்னு கேட்டுட்ட" என்று சொல்லுவாளாம். கன்னடத்து நர்ஸ் ஒருத்தி இவளை விநோதமாகப் பார்ப்பாளாம். அதையும் பஸ்ஸில் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் காலையில் சானமாவில் யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறதென்று வனத்துறை ஆட்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பஸ் நின்றது நின்றபடி. ஜெயசெல்வி வீட்டில் படித்து வந்த பகுதி தீர்ந்துபோயிற்று. "மேல படிங்க்கா, சும்மாதானே நிக்குது" என்று பின்னாலிருந்து குரல்கள். அவளும் படிக்காத பக்கங்களுக்குள் போனாள்.

கதையில், இருட்டில் ஆட்கள் மறித்து ஜெகதீஷை வெட்டிப் போட்டார்கள். ஊரார் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். தாய் அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த பக்கத்தைத் திருப்பிய ஜெயசெல்வியின் கண் வாயை முந்திக்கொண்டு ஓடியது. அங்கே அவன் செத்துப்போகிறான்.

பக்கத்தில் பேச்சியம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருந்தாள்.

"ஜெகதீஷ் கண்ணைத் திறந்தான்" என்று ஜெயசெல்வி வாசித்தாள். "அம்மா, பசிக்குது என்றான்."

பஸ் முழுக்கக் கைதட்டல். பேச்சியம்மாள் அவள் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். யானைகள் போய் வெகுநேரமாகியிருந்தது, டிரைவரும் கதை கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு ஜெயசெல்விக்குப் புத்தகம் வெறும் அட்டைதான். அதை விரித்து வைத்துக்கொண்டு தானே கட்டிச் சொன்னாள். ஜெகதீஷ் கஞ்சி குடித்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெயசெல்விக்கு அது பொய் என்றே தோன்றவில்லை. சொல்லச் சொல்லச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த வாரத்தில்தான் டாக்டர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டுப் பேசினார். மூளைக்கு இனி மீட்சி இல்லை, மிஷின்தான் மூச்சு விடுகிறது, வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கடைசியில் அம்மா பக்கத்தில் இருக்கலாம் என்று பக்குவமாகத்தான் சொல்லியிருக்கிறார். பேச்சியம்மாள் முடியாது என்று சொல்லிவிட்டாள். அதைப் பெருமையாக வந்து பஸ்ஸில் சொன்னாள்.

"வெட்டுப்பட்டவனே எந்திரிச்சு ஒக்காந்துட்டான், எம்புள்ள எந்திரிக்க மாட்டானான்னு கேட்டுட்டு வந்துட்டேன். நீ சொல்லுக்கா, அவன் நடந்துருவாம்லா?"

உண்மையைச் சொல்ல ஜெயசெல்விக்கு அந்த ஒரு நேரம் வாய்த்தது. நாக்கு நுனிவரை வந்தது. பேச்சியம்மாளின் கண்ணைப் பார்த்தாள்.

"நடந்துருவான்" என்றாள்.

மிஷினோடு இன்னும் பல நாள் கிடந்தான் ஜெகதீஷ். முதுகெல்லாம் புண் வைத்துவிட்டது. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகினார்கள். பிறகு ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரம் இல்லாத நேரத்தில், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவன் உயிர் போயிற்று. தாய் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்த அன்று ஜெயசெல்வி புத்தகத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. பேச்சியம்மாள் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"பொஸ்தகத்துல உள்ளபடி என்னக்கா போட்டிருக்கு?"

"செத்துப்போறான் பேச்சி."

"எங்க வச்சு?"

"வீட்டுல. அவன் அம்மை மடியில."

பேச்சியம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெயசெல்விக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அன்னைக்கே நீ உள்ளபடி வாசிச்சிருந்தா நானும் அவன வீட்டுக்குக் கொண்டாந்துருப்பேனே அக்கா" என்றாள். "அவனைப் புண்ணாக்கிப் போட்டுட்டேனே. ஒரு வாய் தண்ணி நான் ஊத்தலையே."

"என்னை மன்னிச்சிரு பேச்சி."

சரஸ்வதி எழுந்து வந்து பேச்சியம்மாளின் தலையைத் தடவினாள், அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். காடு வந்தது, தாண்டிப் போயிற்று. கம்பெனிக் கேட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதுதான் மறுபடி பேசினாள்.

"அந்தப் பக்கத்த வாசி."

"வேண்டாம் பேச்சி."

"வாசிக்கா. அவன் பேர்லயே வாசி."

ஜெயசெல்வி புத்தகத்தை எடுத்தாள். எழுத்து தண்ணீரில் கிடப்பதுபோல ஆடியது. தாய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டதை வாசித்தாள், நெற்றி ரத்தத்தைத் துடைத்ததை வாசித்தாள், சங்கில் தண்ணீர் எடுத்து அவன் உதட்டில் விட்டதை வாசித்தாள். நாயகன் பெயர் அச்சடித்திருந்த இடங்களிலெல்லாம் ஜெகதீஷ் என்றாள். பஸ் கேட்டுக்குள் போய் நின்றது, ஒருவரும் இறங்கவில்லை. ஜெகதீஷ் அம்மாவைப் பார்த்தபடியே கண்ணை மூடினான் என்று வாசித்து முடித்தபோது, பேச்சியம்மாள் தன் மடியில் கிடந்த சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தண்ணி ஊத்துனத இன்னொரு மட்டம் வாசி" என்றாள்.