வேப்பமரத்தில் பட்டால் இரண்டு பேஸ்

மிதிபட்ட வேப்பம்பழமும் கோடு போட்ட சுண்ணாம்புத்தூளும் கலந்த வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு ஒரு ஆட்டம் நினைவுக்கு வரும். 2008இல் கடலூரிலிருந்து எங்கள் பள்ளியின் சாஃப்ட்பால் அணி ஆடப் போன சிதம்பரம் மைதானத்தின் வாசனை அது.

எங்களில் பந்தைத் தூக்கி அடிக்கத் தெரிந்தவள் தேவனாம்பட்டினத்து சுகன்யா ஒருத்திதான். அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் மாவட்ட அளவில் ஆடலாம், அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு விடுதியில் தங்கி பிளஸ் ஒன் படிக்கலாம். இல்லையென்றால், "பத்தாவதோட நின்னு எறால் உரிக்கப் போவட்டும்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

எல்லைக் கயிற்றுக்கு மேலே ஒரு வேப்பங்கிளை நீண்டிருந்தது. பந்து கயிற்றைத் தாண்டி விழுந்தால் 'ஹோம் ரன்', அடித்தவள் நான்கு மூலையிலும் இருக்கும் பேஸ்களைச் சுற்றி வந்து ஒரு ரன் எடுத்துவிடலாம். எதிரணிப் பெண்கள் பலசாலிகள் என்பதால், காலையிலேயே எங்கள் பி.டி. மிஸ் அம்பயரிடம் போய், "மரத்துல பட்டா 'ஹோம் ரன்' கெடையாது சார், ரெண்டு பேஸ்தான்" என்று பேசி வைத்தார். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ரன்கள் சமமாக இருந்த கடைசிச் சுற்றில் சுகன்யா அடித்த பந்து அந்தக் கிளைப்பக்கமாகப் போய்க் கயிற்றுக்கு வெளியே விழுந்தது. அதே நேரம் ஒரு காக்கை பறந்தது. ஓர் இலை கீழே வந்தது. எல்லா பேஸையும் சுற்றி வந்து மூச்சு வாங்க நின்றவளிடம் அம்பயர் அந்த இலையைக் காட்டினார்.

"பச்சை எல, பாத்தியா? பந்து பட்டுதான் விழுந்துருக்கு. போ, ரெண்டாவது பேஸுக்கு."

"காக்கா உதுத்தது சார் அது."

"அப்ப அந்தக் காக்காவ சாட்சிக்குக் கூட்டியா."

எதிரணியோடு சேர்ந்து எங்களில் சிலரும் சிரித்துவிட்டோம். மிஸ் சிரிக்கவில்லை. "அம்பயர் சொன்னா சொன்னதுதான். நாம கேட்ட ரூல்தானடி" என்றார். அடுத்தவள் அவுட், கூடுதல் சுற்றில் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் சுகன்யா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ மூணாவது பேஸ் ஓரமா, ஓடுறவளுக்கு வழி சொல்லத்தான நின்ன, பட்டுச்சாடி?" தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அடுத்த ஜூனில் அவள் எறால் கொட்டகைக்குப் போனாள்.

நான் சிதம்பரத்திலேயே வாழ்க்கைப்பட்டேன். தெருவில் விளையாடும் மகள் ஓடிவந்து "அவுட்டாம்மா?" என்று கேட்டால்கூட, எதைச் சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று, "கூட ஆடுறவங்களையே கேளு" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அவளைப் பள்ளியில் விடப் போகும்போதெல்லாம் வழியிலிருக்கும் அந்த மைதானத்துக் கிளையை அண்ணாந்து பார்ப்பேன். ஒருநாள் பட்டிருக்கும் என்று தோன்றும், மறுநாள் பட்டிருக்காது என்று தோன்றும். போன மாதம் கட்டடம் எழுப்ப அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அந்த உயரத்தில் இப்போது எந்தப் பந்தும் எதிலும் படாமல் போகும்.