நீலப் போத்தல் கட்டிய வலை

“படிச்ச பிள்ளை போனில படம் போட்டா, கடல் வலையைக் கொண்டுவந்து தருமோ?” என்று சித்தப்பா சிரித்தார். சல்லி என்ற எங்கள் மீனவக் கிராமத்தில், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு ரோசம் வந்தது.

அப்பாவிடம் இருந்த ஒரே வலையை நீரோட்டம் இழுத்துப் போயிருந்தது. அது இல்லாமல் அவர் தொழிலுக்குப் போக முடியாது. அந்த வலையின் பழைய படமொன்றை என் போன் எண்ணுடன் முகநூலில் போட்டு, பலர் பார்க்கட்டும் என்று ‘திருகோணமலை’, ‘கடற்கரை’ என ஹேஷ்டேக் இட்டேன். சுற்றுலாப் படங்களுக்குள் அது மறைந்துபோனது. “அழகான நிறம்” என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

வலையைக் கண்டெடுத்தவர் ‘கடற்கரை’ என்றா தேடுவார்? அன்றே அந்த ஹேஷ்டேக்குகளை அழித்து, ‘வலை’, ‘சல்லி’, ‘நீலப்போத்தல்’ என்று மாற்றினேன். வலை மிதப்பதற்கு நீலப் பிளாஸ்டிக் போத்தல்களைக் கட்டுவதுதான் எங்கள் வீட்டு அடையாளம்.

மறுநாள் விரிகுடாவின் மறுகரையிலுள்ள மூதூரிலிருந்து ஒருவர் அழைத்தார். “தங்கச்சி, நீலப் போத்தல் வலை எங்கட தோணியில கிடக்கு. யார்ர எண்டு தெரியாம இருந்தம்.”

“ஓம் நானா, எங்கடதான்,” என்றேன். மூதூர் முஸ்லிம் அண்ணன்மாரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்.

வலை அப்பாவிடம் வந்து சேர்ந்தது. இப்போது எதைப் பதிந்தாலும், தேடுபவர் எந்தச் சொல்லால் தேடுவார் என்றே முதலில் யோசிக்கிறேன். இரண்டு கரை மீனவர்களும் பாவிக்க ‘கடலில்கிடைத்தது’ என்று ஒரே ஹேஷ்டேக்கை மூதூர்க்காரருடன் பேசி வைத்திருக்கிறேன். சித்தப்பா கண்டெடுத்த துடுப்பின் படத்தை நேற்று அதில் போட்டுவிட்டேன்.