விதைக்கிற கை

இரண்டு வருடங்களுக்கு முன் ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. கிளிநொச்சி மாவட்டத்தில், ஸ்கந்தபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார்கள். நான் கிளிநொச்சி டவுனில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், பரீட்சை எழுதி, மேசைக்கு முன்னால் இருந்து வேலை பார்க்கிற முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மலைநாட்டில் கலவரம் வந்தபோது, பதின்மூன்று வயதில், பெற்றோருடன் வன்னிக்கு வந்தார். நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் அவருடைய பேச்சு மாறவில்லை. அரசாங்கக் கந்தோர்களில் அவர் வாய் திறந்தால் "எந்தத் தோட்டம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சிலர் அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனாலும் அவர் அங்கெல்லாம் பேசுவதையே விட்டுவிட்டார். நான் ஏழாம் வகுப்பில் இருந்த காலத்திலிருந்து படிவம் நிரப்புவது, அதிகாரிகளிடம் பேசுவது எல்லாம் என் வேலை. எனக்கு வீட்டில் ஒரு தமிழ், வெளியில் ஒரு தமிழ்.

அதற்கு முந்திய மாரியில் அப்பாவுக்குச் சாதாரணத் தடிமன் காய்ச்சல்போல ஒன்று வந்தது. அவருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. மூன்றாம் நாள் மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எட்டு நாள், மூக்கில் ஒக்சிசன் குழாயோடு கிடந்தார். அந்த எட்டு நாளும் அவருடைய சைக்கிள் மாமரத்தில் சாய்ந்தபடியே நின்றது. கோழிகள் அதன் கரியரில் ஏறிப் படுக்கத் தொடங்கிவிட்டன. உடை மாற்ற வீட்டுக்கு வந்த ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு நான் அழுதேன்.

அதன் பிறகு கிளினிக்கில் டொக்டர் சொன்னார்: "இன்னொருக்கா இப்பிடி வந்தா ஐயாவுக்குக் கஷ்டம். வயசும் போட்டுது, ஆஸ்துமாவும் இருக்கு. ஒவ்வொரு வருசமும் மாரிக்கு முன்னம் இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி ஒண்டு போட்டுவிடுங்கோ."

அப்பா மசியவில்லை. "காச்ச வந்தா மருந்து குடிக்கலாம். வராத காச்சலுக்கு எதுக்குமா ஊசி?" என்றார்.

பல நாள் யோசித்து ஒரு பதில் கண்டுபிடித்தேன். "களை மொளைக்கிறதுக்கு முந்தியே வயலுக்கு மருந்து அடிக்கிறீங்கல்ல? அந்த மாதிரித்தான் இதுவும்."

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவைப் பார்த்து, "இவள படிக்க வச்சது தப்பா போச்சு" என்றார். "சரி, வெதைப்பு முடியட்டும்."

விதைப்பு முடியும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. ஊசி வேலை செய்ய இரண்டு கிழமை, பதினாலு நாள், ஆகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஊரில் அங்கங்கே இருமல் கேட்கத் தொடங்கிவிட்டது. எனக்கு லீவு கிடைத்தது ஒரே ஒரு நாள்தான். அடுத்த நாள் விதைப்பு. விதைநெல் ஏற்கெனவே ஊறி, சாக்குக்குள் முளை விட்டுக்கொண்டிருந்தது. "ஊசி போட்டுக்கிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்" என்று பிடிவாதமாக அவரை பஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன்.

வீதியில் பக்கத்து வயல்காரர் சைக்கிளை நிறுத்தினார். அவருக்கும் அறுபதை நெருங்கிய வயது, சீனி வியாதிக்காரர். ஊசியைப் பற்றி அவருக்கும் நான் பலமுறை சொல்லியிருந்தேன். "முதல்ல உங்கட அப்பா போடட்டும் பிள்ளை. ஆள் எழும்பி நடக்கிறாரோ எண்டு பாத்திட்டு நாங்கள் போடுறம்" என்று சிரித்தார். இவரைப் போல இன்னும் நாலைந்து பேர் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. படிவத்தை வாங்கி நிரப்பினேன். மிஸ்ஸி, அதாவது அங்கிருந்த நேர்ஸ், அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார்: "ஐயா, எந்தக் கையிலை போடுவம்? ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் நோகும்."

அப்பா வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "இடது கையிலை போடுங்கோ மிஸ். அப்பாவுக்கு நாளைக்கு விதைப்பு. சோத்துக் கை நல்லா இருக்கவேணும்."

அந்த மிஸ்ஸி என்னைப் பார்த்து, "நல்ல யோசனை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. விதைப்பையும் யோசித்து, கையையும் யோசித்து, எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இடது கைச் சட்டையைச் சுருட்டினார்.

மறுநாள் விடிந்து நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அதற்கு முன்பே வயலுக்குப் போய்விட்டார். அம்மா குசினியில் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றியபடி, "ஒங்கப்பாவால கையத் தூக்கவே முடியல" என்றார்.

"எடது கைதானே, பரவாயில்ல" என்றேன்.

அம்மா பிளாஸ்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவரு வெதைக்கிறதே எடது கையாலதான?"

எனக்கு விளங்கவில்லை. அப்பா வலது கையால்தானே சாப்பிடுவார்? கோயிலில் வலது கையால்தானே திருநீறு வாங்குவார்?

"சோத்துக்கும் சாமிக்கும் வலது கை. சின்னதுல அடிச்சுப் பழக்குனாங்க. மம்பட்டி, கத்தி, வெதைப்பு எல்லாம் எடது கைதான். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவர் விறகு கொத்துவதை எத்தனை தடவை பார்த்திருப்பேன். எந்தக் கை மேலே இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில் வரவில்லை. விதைக்கும்போது அவரை நான் பார்த்ததே இல்லை. விதைப்புக் காலத்தில் எனக்குப் பள்ளிக்கூடம், ரியூஷன், பிறகு பல்கலைக்கழகம். வயல் பக்கம் போனால், "வெயில்ல நிக்காத, போய்ப் படி" என்று துரத்துகிறவர் அவர்தான்.

வேலைக்கு உடுத்த உடுப்போடு, பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன்.

அப்பா சேற்றுக்குள் நின்றார். நெல் நிறைந்த ஓலைக் கடகம் இடது பக்கம் இடுப்பில் இருந்தது. வலது கையால் அள்ளி வீசினார். நெல் விசிறிப் பரவாமல் ஓரிடத்தில் கொத்தாக விழுந்தது. அடுத்த வீச்சு எட்டவேயில்லை. கடகத்தைத் தாங்கிய கையின் தோள் நோக, இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று பல்லைக் கடித்தார். முளைத்த நெல்லை இன்னொரு நாளைக்கு வைத்திருக்க முடியாது. ஊரெல்லாம் அதே கிழமையில் விதைப்பு. கூலிக்கு ஆளும் கிடைக்காது.

நான் வரம்பில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வாய்க்கால் கரையால் பக்கத்து வயல்காரரின் சைக்கிள் வந்தது. "என்ன, ஊசி போட்டு ஆளுக்குக் கை மாறிப்போச்சோ?" என்று கேட்டார்.

அப்பா நிமிர்ந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. வலது கையும் பழகட்டுமேன்னு பாக்குறேன்."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் நான் பேசாமல் இருந்தால் ஊசிதான் அப்பாவை முடக்கிவிட்டது என்ற கதை பின்னேரத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும். ஒருவரும் போடமாட்டார்கள். அடுத்த வருடம் அப்பாவும் போடமாட்டார். வரம்பிலிருந்தே சத்தமாகச் சொன்னேன்: "ஊசி ஒண்டும் செய்யேல்லை மாமா. நான்தான் கையை மாத்திச் சொன்னனான். அப்பா எந்தக் கையாலை விதைக்கிறவர் எண்டு எனக்குத் தெரியாது."

அவர் என் செருப்பையும் பிளாஸ்கையும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப ஊசியிலை பிழையில்லை, படிச்ச பிள்ளையிலைதான் பிழை." சைக்கிளை வரம்பில் சாய்த்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். "கடகத்தைத் தாங்கோ. என்ர வயல் நேற்றே முடிஞ்சுது. நீங்கள் போய்த் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

மூன்று ஏக்கரிலும் மிச்சத்தை அவர்தான் விதைத்தார். அப்பாவும் நானும் வரம்பில் இருந்தோம்.

"ஏம்பா அங்கயே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ அந்தம்மாவோட பேசிக்கிட்டு இருக்கப்ப நான் குறுக்க பேசுனா நல்லாவா இருக்கும்?" என்றார். "அதோட, நீ பேசுறத கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்."

அப்போது அழாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

மூன்றாம் நாள் அவருடைய கைநோவு போய்விட்டது. இரண்டு கிழமையில் பயிர் எழும்பியது. வயல் முழுக்க ஒரே சீராகப் பச்சை. அப்பா வலது கையால் விதைத்த துண்டு மட்டும் அங்கங்கே கட்டிகட்டியாகவும், அங்கங்கே வெறும் சேறாகவும் கிடந்தது. வாய்க்கால் கரையால் போகிறவர்கள் எல்லாரும் "இது ஆர் விதைச்சது?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டுப் பட்டதாரி" என்று அப்பா கூசாமல் சொன்னார். ஒரு சனிக்கிழமை நானே சேற்றில் இறங்கி, கொத்தாக நின்ற பயிரைப் பிடுங்கி, வெறும் இடங்களில் நட்டேன். இடுப்பு ஒடிந்தது. இந்த முறை அப்பா துரத்தவில்லை.

மார்கழியில் ஊரெல்லாம் காய்ச்சல். அம்மாவும் நானும் நாலு நாள் படுத்தோம். அப்பாவுக்கும் இருமல் வந்தது. நான் அவருடைய நெஞ்சைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை, போன தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே மூன்றாம் நாள், பாயில் படுத்தபடியே வெளியே கோழிகள் சத்தமிட்டுக் கலைவதைக் கேட்டேன். அதன் பிறகு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம். அப்பா வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறார். ஊசிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்கு அறிவில்லை. ஆனால் ஒரு வருடமாக நெஞ்சுக்குள் இருந்த கல் அந்தச் சத்தத்தோடு இறங்கியது.

போன வருடம் விதைப்புக்கு முன்பே போனோம். பக்கத்து வயல்காரரும் கூட வந்தார். "எனக்கு எந்தக் கை எண்டு நானே சொல்லுவன், நீ வாயைத் திறக்காதை" என்று பஸ்ஸிலேயே எச்சரித்துவிட்டார்.

அதே மேசை, அதே மிஸ்ஸி. "ஐயா, எந்தக் கையிலை போடுவம்?"

அப்பா பழக்கத்தில் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

"வலது கையில போடுங்கம்மா" என்றார் அப்பா, அவருடைய தமிழில். "நான் வெதைக்கிறது எடது கையால."

மிஸ்ஸி எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை. "அப்ப வலது கைச் சட்டையைச் சுருட்டுங்கோ ஐயா" என்றார்.

படித்ததில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் யாருடைய படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாலும், பேனாவைத் திறக்குமுன் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நான் காத்திருக்கிறேன்.